உங்கள் எடையைவிட உங்கள் கணவரின் வயிறு கவலை தருகிறது

கேள்வி: எனக்கு 43 வயது. சிங்கப்பூர் யீஷூனில் வசிக்கிறோம். என் உயரம் 157 சென்டிமீட்டர், எடை 60 கிலோ. அலுவலகத்தில் நடந்த உடல்நலப் பரிசோதனையில் என் பிஎம்ஐ 24.3 என்றும், அது ‘மிதமான அபாயம்’ என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லண்டனில் இருக்கும் தோழியோ, 25 வரை சரியான எடைதான், பயப்படாதே என்கிறாள். யார் சொல்வது சரி? கணவருக்கு 47 வயது. 172 சென்டிமீட்டர், 66 கிலோ, பிஎம்ஐ 22.3. தொப்பை இருக்கிறது, ஆனாலும் ‘என் எண் சரியாக இருக்கிறது’ என்று என்னைக் கேலி செய்கிறார். அளந்து பார்த்ததில் என் இடுப்புச் சுற்றளவு 86 சென்டிமீட்டர், அவருக்கு 92. ஒரு மாதமாக வீட்டில் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டேன். எல்லாருக்கும் பழமும் ஓட்ஸ் கஞ்சியும்தான். 74 வயது அத்தையும் (மாமியார்) அதையே சாப்பிடுகிறார். அவர் 47 கிலோ இருந்தார், இப்போது 45. ‘பூசினாற்போல் இருந்தால்தானே லட்சணம்’ என்று முணுமுணுக்கிறார். இணையத்தில் வாங்கிய மெலிவுத் தேநீர் ஒன்றையும் குடித்து வருகிறேன். மூத்த மகனைச் சுமந்தபோது எனக்குச் சர்க்கரை இருந்தது, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது. நான் எத்தனை கிலோ குறைக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

எத்தனை கிலோ என்பதற்குப் பிறகு வருகிறேன். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தேநீர், அதை இன்றோடு நிறுத்துங்கள். இணையத்தில் விற்கப்படும் மெலிவுப் பொருள்களைச் சோதித்த நம் சுகாதார அறிவியல் ஆணையம், பொட்டலத்தில் குறிப்பிடப்படாத மருந்துகள் அவற்றில் கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அடிக்கடி அகப்படுவது சிபுட்ராமின். பசியை அடக்கும் அந்த மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்ததால் 2010இல் சிங்கப்பூரில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. கலப்படமே இல்லாத மெலிவுத் தேநீர்களிலும் பலவற்றில் பேதி இலைதான் இருக்கிறது. அதில் இறங்குவது தண்ணீர். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். குடித்த நாள்களில் படபடப்போ வாய் வறட்சியோ தூக்கமின்மையோ இருந்திருந்தால், பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். 60 கிலோவை 1.57 மீட்டரால் வகுத்து, வந்த விடையை மறுபடியும் 1.57ஆல் வகுத்தால் 24.3. பிஎம்ஐ எனப்படும் உடல் எடைக் குறியீட்டெண் இவ்வளவுதான். 1830களில் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியக் கணிதவியலாளர், மனிதக் கூட்டத்தின் சராசரியைத் தேடியபோது கண்ட கணக்கு இது. தனி ஒருவரின் நோயைக் கண்டுபிடிக்க அவர் இதை உண்டாக்கவில்லை. பிஎம்ஐ என்ற பெயரும் 1972இல்தான் வந்தது, அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் சூட்டியது.

சிங்கப்பூரில் 18.5 முதல் 22.9 வரை குறைந்த அபாயம், 23 முதல் 27.4 வரை மிதமான அபாயம், 27.5க்கு மேல் அதிக அபாயம். 18.5க்குக் கீழே போனால் சத்துக்குறைவு வரக்கூடும். உலக அளவில் வழங்கும் எல்லைக்கோடுகள் 25, 30. உங்கள் தோழி சொல்வது அந்தக் கணக்கு.

இந்த 23 நம் ஊரில் பேசி முடிவான எண் என்பது பலருக்குத் தெரியாது. ஆசிய மக்களுக்கு என்ன எல்லை வைப்பது என்று ஆராய 2002 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சிங்கப்பூரில்தான் கூடினார்கள். ஆசியர்களில் கணிசமானோருக்கு 25ஐத் தொடும் முன்பே நீரிழிவும் இதயநோயும் வரும் ஆபத்து ஏறிவிடுகிறது என்பதை அவர்கள் உறுதி செய்தார்கள். 25, 30 ஆகியவற்றை உலகப் பொதுக் கோடுகளாக அப்படியே விட்டுவிட்டு, ஆசியர்கள் விழித்துக்கொள்ள வேண்டிய இடங்களாக 23ஐயும் 27.5ஐயும் சேர்த்தார்கள். 2005இல் சிங்கப்பூர் அதைத் தன் அளவாக்கிக்கொண்டது. அதற்கு முன்பே இங்குள்ள சீனர், மலாய்க்காரர், இந்தியர் உடல்களை அளந்து பார்த்த ஆய்வுகள் இருந்தன. ஒரே கொழுப்பு விகிதம் உள்ள ஐரோப்பியரையும் நம்மவரையும் பக்கத்தில் நிறுத்தினால், நம்மவரின் பிஎம்ஐ ஏறக்குறைய 3 புள்ளி குறைவாகவே காட்டும். மூன்று இனத்தாரிலும் இந்தியர் உடலில்தான் அதே எண்ணுக்குக் கொழுப்பு மிகுதி.

தோழியிடம் இதையும் சொல்லுங்கள். பிரிட்டனிலேயே, மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2013 முதல் தெற்காசிய வம்சாவளியினருக்கு 23, 27.5 என்ற அளவுகளைத்தான் பரிந்துரைக்கிறது. லண்டனுக்குக் குடிபெயர்ந்தால் உடலின் வாகு மாறிவிடாது. அவரும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே உங்களுக்கு அலுவலகத்தில் சொன்னது சரி. அதற்காக நீங்கள் கலங்க வேண்டியதில்லை. 24.3 ஒரு நோயின் பெயர் இல்லை. ‘மேற்கொண்டு சோதித்துப் பாருங்கள்’ என்பதே அதன் பொருள். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொரு எண்: உங்கள் கணவரின் 22.3.

புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நிற்கும் புகைப்படம் ஒன்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவரின் பிஎம்ஐயும் 22.3. உடலுக்குள் இருந்த கொழுப்பை அளந்தபோது யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒரே எண்ணுக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் வேறுபாடு. உங்கள் கணவரின் எண்ணும் தற்செயலாக அதே 22.3.

பிஎம்ஐக்குத் தராசு மட்டும்தான் தெரியும். எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா, கல்லீரலைச் சுற்றி இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. மெல்லிய கை, மெல்லிய கால், நடுவில் மட்டும் ஒரு வயிறு. நம் ஆண்களில் பலருக்கு வாய்த்த உருவம் இது. வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை. இன்சுலின் சொல்வதை உடல் கேட்காமல் போவதற்கு அதுதான் பெரிய காரணம். தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை.

இது சாப்பாட்டால் மட்டும் வந்தது என்று அவரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். யாஜ்னிக் குழுவினர் புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5. எடை இவ்வளவு குறைந்திருந்தும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்ததெல்லாம் தசையும் உள்ளுறுப்புகளும்தான். தாய் வயிற்றிலேயே தொடங்கும் வாகு இது. வயல்வேலை செய்த தலைமுறையில் தூங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் தலைமுறையில் விழித்துக்கொள்கிறது. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில் 18 முதல் 69 வயதுக்குட்பட்ட சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களில் 17.2 விழுக்காடு. அந்த இடைவெளியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறுவதற்கு முன், இருவரும் மறுபடியும் அளந்து பாருங்கள். பெரும்பாலோர் அளப்பது தவறான இடத்தில். பெண்கள் பாவாடை நாடா அழுந்திய கோட்டில் நாடாவை வைப்பார்கள். ஆண்கள் பெல்ட் போடும் இடத்தில் வைப்பார்கள். ஆணின் பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிப் பல வருடம் ஆகியிருக்கும். ‘கல்யாணத்தின்போது போட்ட அதே 32 சைஸ்தான் இப்போதும்’ என்று என் ஆலோசனை அறையில் சொன்னவர்கள் எத்தனையோ பேர். சைஸ் மாறவில்லை, கால்சட்டை நிற்கும் இடம் இறங்கிவிட்டது. விலாவின் கடைசி எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நட்டநடுவே, தோலின் மேல், தரைக்குக் கிடையாக நாடாவைச் சுற்றுங்கள். வயிற்றை எக்கக்கூடாது. இயல்பாக மூச்சை வெளியே விட்டு, அந்த நொடியில் படியுங்கள்.

ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தொட்டாலே கவனம் வேண்டும். உயரத்தில் பாதிக்குள் இடுப்பு அடங்க வேண்டும் என்ற இன்னொரு கணக்கும் உண்டு, நினைவில் வைக்க எளிது. உங்கள் கணவரின் உயரத்தில் பாதி 86, அவர் இடுப்பு 92. உங்களுக்குப் பாதி 78.5, இடுப்பு 86. இரண்டு பேருமே கோட்டைத் தாண்டியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி எது என்று கேட்டால், பிரசவத்தோடு ‘சரியாகிவிட்டது’ என்று நீங்கள் முடித்துவிட்ட வரியைத்தான் காட்டுவேன். கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். உடல் அன்றைக்கே முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு எத்தனை முறை சர்க்கரை சோதித்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது, வாழ்நாள் முழுக்க, சோதிக்க வேண்டும். இதைப் பிரசவத்தோடு மறந்துவிடுகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமை. குழந்தையின் தடுப்பூசித் தேதி ஒன்றுகூடத் தவறியிருக்காது. தன் இரத்தப் பரிசோதனை மட்டும் பத்து வருடம் தள்ளிப்போயிருக்கும்.

நீங்கள் இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். குடிமக்கள் என்றால் அரசின் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் சலுகைக் கட்டணத்தில் சோதித்துக்கொள்ளலாம். ‘ஹெல்தியர் எஸ்ஜி’யில் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டிருந்தால் அந்தப் பரிசோதனைகளுக்குக் கட்டணமே இல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 6.0 மில்லிமோல் வரை இருந்தால் நல்லது. 6.1 முதல் 6.9 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 7.0ஐத் தொட்டால் நீரிழிவுக்கான எல்லை, மருத்துவர் உறுதிப்படுத்துவார். தமிழ்நாட்டு உறவினர்கள் 110, 126 என்று பேசுவது இதே கணக்குத்தான், இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். கர்ப்பகாலச் சர்க்கரையைப் பற்றி மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அதே நாளில் பார்த்துவிடுவார்கள்.

இப்போது கிலோ. 157 சென்டிமீட்டர் உயரத்துக்கு 18.5 முதல் 22.9 என்பது ஏறக்குறைய 46 முதல் 56 கிலோ. 46ஐக் கனவு காணாதீர்கள். மூன்று நான்கு கிலோ, ஆறு மாதத்தில், போதும். அது உங்கள் எடையில் 5 முதல் 7 விழுக்காடு. சர்க்கரை அபாயம் குறைவதற்கு அந்த அளவே உதவுகிறது. தராசு முள் நகராத வாரங்கள் வரும், அப்போது மனம் தளர வேண்டாம். மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவர்கள் எடை குறிப்பிடும்படி இறங்கவே இல்லை. நம் மக்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பற்று. உடலுக்குள் நடக்கும் நல்லதெல்லாம் தராசுக்குத் தெரிவதில்லை.

சோற்றை நீங்கள் எதிரியாக்க வேண்டியதே இல்லை. தட்டில் அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. நம் வீட்டுத் தட்டில் முதலில் நடுவே சோறு விழும், பிறகு அதன்மேல் குழம்பு, மிஞ்சிய ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு, கோழி. வரிசையை மாற்றிப் பரிமாறிப் பாருங்கள்: முதலில் கீரையும் பொரியலும் தட்டில் பாதியை நிரப்பட்டும், அடுத்து மீன், சோறு கடைசியாக வரட்டும். பழமும் ஓட்ஸும் மட்டுமான இரவில் புரதம் எங்கே இருக்கிறது? அப்படிச் சாப்பிட்டுக் குறையும் எடையில் தசையும் சேர்ந்து போகும். நமக்கு ஏற்கெனவே குறைவாக இருப்பதே அதுதான்.

எண்ணெய்க்கு ஒரு சோதனை. அடுத்த முறை 2 லிட்டர் போத்தல் திறக்கும்போது, அதன் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு வாரத்தில் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 36 மில்லி. ஏழு தேக்கரண்டிக்கும் சற்றுக் கூடுதல், கிட்டத்தட்ட 300 கலோரி, அதாவது ஒன்றரைக் கிண்ணம் சோறு. அதே போத்தலை மூன்று வாரத்துக்கு நீட்டுங்கள். தாளிப்பு தாளிப்பாகவே இருக்கட்டும். வறுவலையும் அப்பளத்தையும் வாரத்தில் சில நாள் தள்ளிவைத்தாலே ஒரு வாரம் மிச்சமாகிவிடும். காப்பிக்கடையில் ‘தே சி கோசோங்’ என்று கேட்டால் சர்க்கரை போடாமல் தருவார்கள். முதல் வாரம் கசக்கும். ‘சியூ டாய்’ என்று சர்க்கரையைக் குறைத்துக் கேட்பதில் தொடங்கினால் நாக்கு பழகிவிடும்.

கணவருக்கு எடை குறைய வேண்டாம். அவர் எடை இருக்கும் இடத்தில் இருக்கட்டும், வயிற்றுக் கொழுப்பு குறைந்து தசை கூட வேண்டும். வாரம் 150 நிமிடமாவது சற்று மூச்சு வாங்கும்படி நடப்பது இருவருக்கும் பொது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் புளோக்கைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடந்தால், அந்த வேளைச் சர்க்கரை அதிகம் உயராமல் தசை அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி இறக்குவது, இவை போதும் தொடங்க. ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடம் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

மகனுக்கு இந்த எண்களைப் போட்டுப் பார்க்காதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு வயதையும் பாலினத்தையும் வைத்துத் தனி அட்டவணை உண்டு. பள்ளிச் சுகாதாரப் பரிசோதனையில் பார்த்துச் சொல்வார்கள்.

அத்தையைப் பற்றி எழுதும்போதுதான் என் கை சற்று வேகமாக ஓடுகிறது. 47 கிலோவில் 2 கிலோ என்பது 4 விழுக்காட்டுக்கும் மேல், அதுவும் ஒரே மாதத்தில். ஓராண்டுக்குள் 5 விழுக்காடு தானாக இறங்கினாலே மூத்தவர்களை மருத்துவரிடம் காட்டச் சொல்கிறோம். 74 வயதில் எடையோடு போவது பெரும்பாலும் தசை. தசை போனால் குளியலறையில் கால் தடுமாறும், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். அவர் குறைக்க வேண்டியது ஒரு கிராம்கூட இல்லை. அவருக்கு மூன்று வேளையும் ஏதாவது ஒரு புரதம் வேண்டும்: காலையில் முட்டை, மதியம் மீன், இரவில் பருப்போ தயிரோ. சோறு கட்டாயம் வேண்டும். இதெல்லாம் கொடுத்தும் ஒரு மாதத்தில் எடை திரும்பாவிட்டால் வேறு காரணம் இருக்கிறதா என்று பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

பூசினாற்போல் என்று அவர் சொல்வதை நான் தட்டிவிட மாட்டேன். வற்றல் உடம்பு பஞ்சத்தின் அடையாளமாக இருந்த காலத்தில் பிறந்த சொல் அது. இன்றும் தேக்காவில் சந்திக்கும் உறவினர் ‘என்ன, இளைத்துவிட்டாயே’ என்றுதான் அன்பைக் காட்டுகிறார். நீங்கள் மூன்று கிலோ குறைத்ததும் அத்தையும் அப்படித்தான் கேட்பார். உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவை அவரிடம் காட்டி, எதற்காகக் குறைக்கிறீர்கள் என்று தமிழில் பொறுமையாகச் சொல்லுங்கள். பேரன் வயிற்றில் இருந்தபோது உங்களுக்குச் சர்க்கரை வந்ததை அவரும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தானே.

நாளை காலை மருந்தகத்துக்கு அழைத்து முன்பதிவு செய்யும்போது இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கேளுங்கள். முந்தைய இரவிலிருந்து இருவரும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போக வேண்டும். அத்தைக்கு இன்றிரவே சோறு வையுங்கள்.